என் இலையையும் சேர்த்துச் சாப்பிட்டவருக்கு

அக்கா,

இன்று காலை என் மகள் தன் குழந்தைக்குப் பாலாடைச் சங்கில் பருப்புத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, மேலாக வடித்த தெளிவில் துளி உப்பும் சீரகமும் போட்டது. அந்த வாசனை கூடத்துக்கு வந்ததும் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தேன். "என்னம்மா, முகம் ஒரு மாதிரி ஆயிட்டு?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். ஒரு காலத்தில் அவளுடைய அம்மாவுக்கும் பாலாடையில்தான் சாப்பாடு என்பது அவளுக்கு நினைவிருக்காது. அப்போது அவள் சின்னப்பிள்ளை. புகட்டியது நீங்கள்.

உங்களைப் பற்றி இப்போது சொந்தத்தில் பேசுகிறவர்கள் குறைவு. பேசினாலும், "பெரியவ கைமணம் யாருக்கும் வராது" என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். ஒரு மனுஷியைக் குழம்புக்குள் போட்டு மூடிவிட்டது போல இருக்கிறது எனக்கு. அதனால்தான் எழுதுகிறேன்.

ராஜபாளையத்தில் பஞ்சு வியாபாரம் செய்த அந்தப் பெரிய வீட்டுக்கு நீங்கள் மூத்த மருமகள், நான் இளையவள். முதல் சில வருடங்கள் நாம் நன்றாகப் பேசிக்கொண்டதில்லை. பிள்ளை பெற்ற பிறகு ஏறிய என் உடம்பு இறங்கவே இல்லை. குனிந்து நிமிர முடியாத என் பங்கு வேலையும் உங்கள் தலையில் விழுந்தது. அந்தக் கோபம் உங்களுக்கு. அதைப் புரிந்துகொண்டும் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியாத வெட்கம் எனக்கு. ஆட்டோக்காரர் முதலில் தன் பின்சக்கரத்தைப் பார்ப்பார், பிறகுதான் என்னைப் பார்ப்பார். என் கணவர் கெட்டவர் இல்லை. ஆனால் தெருவில் போகும்போது நாலடி முன்னால்தான் நடப்பார். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்குவேன்.

அப்புறம் அந்தக் குளியலறை நாள். கிணற்றடியை ஒட்டிய சிறிய அறை. கதவு உள்பக்கம் திறக்கும். தண்ணீர்த் தொட்டிக்கும் கதவுக்கும் நடுவே நான் வழுக்கி விழுந்தேன். எழவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை. வெளியிலிருந்து தள்ளினால் கதவு என் மீதே முட்டியது. அத்தை, நம் மாமியார், வெளியே நின்று யார் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் புலம்பினார். கடைசியில் பஞ்சு அடுக்கும் நம் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர்களை அழைத்துவந்து கதவைக் கீலோடு கழற்ற வேண்டியதாயிற்று. உடம்பில் ஈரப்பாவாடை மட்டும். செத்துப்போனால் தேவலை என்று தொட்டியைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

உங்கள் குரல் கேட்டது. "ஏலே, எல்லாரும் மூஞ்சியக் கெணத்துப் பக்கம் திருப்புங்க. கதவக் கையால தடவிக் கழட்டுங்கலே. எவனாச்சும் திரும்பிப் பாத்தீய, நாளைக்கு இந்த வீட்டுல சோறு கெடையாது." கதவு நகர்ந்ததும் பெட்ஷீட்டை விரித்துக்கொண்டு முதலில் நுழைந்தது நீங்கள். என்னைச் சுற்றிப் போர்த்திவிட்டு, காதோரம், "அழாதட்டி. என் தோளப் புடி. ஒன்ன யாரும் பாக்கல," என்றீர்கள். அவர்கள் பார்த்திருப்பார்கள். ஆனாலும் நீங்கள் சொன்னதால் நம்பினேன்.

அதற்குப் பிறகுதான் என் கணவர் மெட்ராசில் உடம்பு இளைக்க ஆபரேஷன் செய்யும் ஒரு டாக்டரைப் பற்றி விசாரித்து வந்தார். வெளிநாட்டில் படித்தவர். வயிற்றில் சின்னப் பையளவு மட்டும் விட்டு, அதோடு குடலை இணைத்துத் தைப்பாராம். அந்தத் தொண்ணூறுகளில் நம் பக்கத்தில் கேள்விப்படாத வைத்தியம். உயிருக்கு ஆபத்தும் உண்டு என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். நான் யோசிக்கவே இல்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன்.

அத்தை ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். யாருக்கும் தெரியக்கூடாது. நாத்தனாருக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். 'இது குடும்பத்துல ஓடுத ஒடம்பு போல' என்று பெண் கேட்டு வருகிறவர்கள் பயந்துவிடுவார்களாம். நான் வேற்று வீட்டிலிருந்து வந்தவள், என் உடம்பு எப்படி நாத்தனாருக்கு ஓடும் என்று யாரும் கேட்கவில்லை. ஊருக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பொய் அடுத்த ஒரு வருடம் என்னைச் சுற்றி நின்ற சுவர்.

திரும்பி வந்தபோது நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள்வரை தையல். ஒரு வாய் தண்ணீர் கூடச் சேர்ந்தாற்போல் இறங்காது. டம்ளரை வாயில் வைத்தால் பழைய வேகத்தில் குடித்துவிடுவேன், உடனே எல்லாம் வெளியே வரும். அதைப் பார்த்துத்தான் நீங்கள் பரணிலிருந்து பிள்ளைகளின் பாலாடையைத் தேடி எடுத்தீர்கள். கட்டிலோரம் உட்கார்ந்து, துளித்துளியாக ஊற்றிவிட்டு, "முழுங்கிட்டுச் செத்த நேரம் இரு. ஒன்ன யாரும் வெரட்டல," என்பீர்கள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்கும். உங்களைத்தான் எல்லாரும் விரட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனால் பாலாடை உங்கள் கையில் இருக்கும்வரை நீங்கள் எழுந்ததில்லை.

எடை பார்ப்பது அடுத்த சங்கடம். ஊரில் எந்த டாக்டரிடமும் இருந்த மிஷின் என்னைத் தாங்கவில்லை. கிட்டங்கியில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசுதான் வழி. சாப்பாட்டு நேரத்தில் ஆட்கள் போன பிறகு இரண்டு பேரும் பின்வாசல் வழியாகப் போவோம். காற்றில் பஞ்சுத்தூள் மிதக்கும். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நிற்பேன். நீங்கள் குண்டை நகர்த்தி நகர்த்திக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பீர்கள். குறைந்திருந்தால், "சிப்பம் கரையுது, சிப்பம் கரையுது," என்று என்னைப் பஞ்சுப் பொதியாக்கி மெல்லிய குரலில் பாடுவீர்கள். குறையாத வாரம், "தராசு சரியில்லட்டி. பஞ்சு வியாபாரிக வீட்டுத் தராசு எந்தக் காலத்துல சரியா நின்னிருக்கு?" என்பீர்கள். நான் அழுதபடியே சிரிப்பேன்.

உடம்பு இறங்கியது. வளையல்கள் முழங்கை வரை ஏறின, மெட்டி நழுவியது, ரவிக்கையை நீங்கள் பிடித்துப் பிடித்துத் தைத்தீர்கள். எல்லாரும் விடுதலை என்று நினைக்கிற காலம் அது. எனக்கு அப்படி இல்லை அக்கா. தையல் ஆறியதும் மறுபடி அடுப்படிக்குள் போனேன். அத்தனை பேருக்கும் தாளிக்க வேண்டும், பொரிக்க வேண்டும், உப்புப் பார்க்க வேண்டும். வயிறு புதியவளுடையதாக மாறிவிட்டது, நாக்கு இன்னும் பழையவளுடையதாக இருந்தது. யாராவது எண்ணெய்ப் புரோட்டாப் பொட்டலம் வாங்கி வந்தால் அந்த வாழையிலை வாசனைக்கே கண்ணில் நீர் வரும். முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. கையிலும் வயிற்றிலும் தோல் வெற்றுப் பை போலத் தொங்கியது. வெயில் காலத்தில் குளிர்ந்தது. பெரிய உடம்புக்குள் அடைபட்டிருந்தவள், சின்ன உடம்புக்குள் இன்னும் நெருக்கமாக அடைபட்டுக்கொண்டேன். ஒருவரிடமும் சொல்ல முடியாது. குடலிறக்கம் வந்தவளுக்கு முடி எதற்குக் கொட்ட வேண்டும்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தக் கல்யாணம் நினைவிருக்கிறதா? மாமனாரின் தங்கை பேத்திக்கு. பந்தியில் உட்காராமல் நழுவப் பார்த்தேன். பெண்ணின் அம்மா கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டார். "ஒழுங்காச் சாப்பிடலேன்னா நான் விடமாட்டேன்," என்று பக்கத்திலேயே நின்றார். அந்த வயிற்றுக்கு இனிப்பு ஆகாது என்று தெரிந்தும் அவர் முகத்துக்காக இரண்டு வாய் பாயசம் குடித்தேன். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது, முதுகெல்லாம் வேர்த்தது, கண் இருண்டது. இலையில் சோறும் கூட்டும் வடையும் அப்படியே இருக்கின்றன.

அந்த அம்மாள் அடுத்த வரிசைக்குத் திரும்பிய நேரம், பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீங்கள் சத்தமில்லாமல் உங்கள் காலி இலையை என் முன்னால் தள்ளி, என் இலையை இழுத்துக்கொண்டீர்கள். நான் கை வைத்த இலை. மூத்த மருமகள் நீங்கள். எச்சில் என்று ஒரு கணம்கூடத் தயங்காமல் பிசைந்து சாப்பிட்டீர்கள். "பெரியவளுக்கு இன்னுங் கொஞ்சம் சோறு போடுங்க, பசி போல," என்று எதிர்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "ஆமா, நல்ல பசி," என்று நீங்களும் சிரித்தீர்கள்.

அதன்பிறகு ஒவ்வொரு விசேஷத்திலும் அதுதான் ஏற்பாடு. நான் இளைக்க இளைக்க நீங்கள் பெருத்தீர்கள். "சின்னவ சோத்தையும் இவதான் திங்கா போல," என்று சொந்தத்தில் கேலி பேசினார்கள். விளையாட்டாகச் சொன்ன அது நிஜம் என்று நம் இருவருக்கும் மட்டும் தெரியும்.

நாத்தனாருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இடம் அமைந்தது. எல்லாம் பேசி முடியப்போகிற நேரத்தில் ஒரு கேள்வி வந்தது. "ஒங்க சின்ன மருமக ஏன் இப்படி உருகிட்டா? காசம் கீசம் இருக்கா?" எந்தக் கல்யாணத்துக்காகப் பொய் சொன்னார்களோ, அந்தக் கல்யாணத்தையே பொய் மறித்துக்கொண்டு நின்றது. மாப்பிள்ளை வீட்டார் நேரில் வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். அத்தை ஒரே முடிவாகச் சொன்னார். "சின்னவ அம்மா வீட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லிருவோம். அவிய போறவரைக்கும் மாடி ரூம்ல இருக்கட்டும்." வெளித்தாழ்ப்பாள் போடும் வேலையை உங்களிடம் கொடுத்தார்.

நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல் தாழ்ப்பாள் போட்டீர்கள். குளியலறையில் என் உடம்பு என்னை அடைத்தது. இங்கே மனிதர்கள் அடைத்தார்கள். கீழே கார் நின்றது, செருப்புச் சத்தம், வாங்க வாங்க என்ற குரல். எல்லாம் கேட்டது. குண்டாக இருந்தபோதும் மறைத்தார்கள், இளைத்த பிறகும் மறைக்கிறார்கள், எந்த அளவில் இருந்தால் என்னை வெளியே விடுவார்கள் என்று தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

படியில் உங்கள் மூச்சிரைப்புக் கேட்டது. தாழ்ப்பாள் திறந்தது. "எந்திரிட்டி. சேலய ஒழுங்காக் கட்டு."

"அத்தை ஏசுவாகக்கா."

"ஏசட்டும். நான் காபி கொண்டு போயி வச்சிட்டுதான் வாரேன். மாப்பிள்ளையோட அம்மா சின்னவ எங்கன்னு கேக்காவ. எனக்கு வாயில பொய் வரமாட்டேங்குது."

என் கையைப் பிடித்துக் கூடத்தின் நடுவே கொண்டுபோய் நிறுத்தினீர்கள். "இவதான் எங்க சின்னவ. காசமும் இல்ல, ஒரு சீக்கும் இல்ல. ஒடம்பு தாங்காம மெட்ராசுல வயித்தச் சின்னதாக்கித் தச்சிருக்கு. அம்புட்டுதான்."

மாப்பிள்ளையின் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பசிக்குமாம்மா?" என்று கேட்டார்.

"பசி அவ்வளவா வராதும்மா. ஆசைதான் வருது," என்றேன்.

அவர் கண் கலங்கியது போல இருந்தது. "இத மொதல்லயே சொல்லிருந்தா நாங்க பயந்திருக்கவே மாட்டோமே," என்றார் அத்தையிடம்.

கல்யாணம் நடந்தது. ஆனால் அத்தை உங்களை மன்னிக்கவில்லை. நீங்கள் வைத்த காபியை ரொம்ப நாள் தொடவில்லை. உங்கள் கணவர், "சொன்னது தப்பில்ல, ஆனா அத நீ சொன்னதுதான் தப்பு," என்றாராம். அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். அந்த மனக்கசப்பில் நாங்கள் பாகம் பிரிந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தனிக்குடித்தனம் வந்தோம். கதவைத் திறந்தது நீங்கள், வெளியே வந்தது நான். நீங்கள் அதே வீட்டில், அதே அடுப்படியில் இருந்தீர்கள்.

வருடங்கள் போயின. என் எடை ஓரிடத்தில் நின்றது. மாத்திரையும் ஊசியும் பழகிப்போயின. உங்களுக்கு மூட்டு விட்டுப்போயிற்று, மாடிப்படி ஏற முடியவில்லை. அதே டாக்டரிடம் போகலாம் என்று கெஞ்சினேன். "ஆபரேஷன்னா மாசக் கணக்குல படுக்கணும். அதுவரைக்கும் இங்க யாரு வடிச்சுக் கொட்டுவா?"

"நான் வாரேன்க்கா."

"நீ வருவட்டி. நான் படுக்கணும்லா. படுக்க விடமாட்டாவ."

ஒரு ஆடிப்பூரத்துக்கு எல்லாரும் தேர் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். கூட்டத்தில் நிற்க முடியாது என்று நீங்கள் மட்டும் தங்கிவிட்டீர்கள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் என் அடுப்படியில் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்து வெண்டைக்காயை எடுத்துவிட்டீர்கள். நான் பிடுங்கி வைத்தேன். கூடத்தில் பாய் விரித்து, ஃபேனைப் போட்டு, படுங்கள் என்றேன். "செத்த நேரம்," என்று படுத்தீர்கள். பேசிக்கொண்டே இருந்த பேச்சு பாதியில் நின்றது.

மூச்சு சீராக வந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. தேர் பார்க்கப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். உங்கள் மகன் "அம்மா எங்க, காபி போடச் சொல்லுங்க சித்தி," என்றான். நானே போட்டேன். அத்தை உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் போய் நின்றேன். விளக்கு வைக்கும் நேரத்தில் நீங்கள் பதறி எழுந்தீர்கள்.

"ஏட்டி, மணி என்ன? யாரும் கூப்பிட்டாவளா?"

"கூப்பிட்டாக. நான் எழுப்பல."

பாயிலேயே உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தீர்கள். கூந்தலை முடியக்கூடத் தோன்றவில்லை உங்களுக்கு. "கல்யாணமாகி வந்த பொறவு பகல்ல தூங்கினதே இல்லட்டி," என்றீர்கள். உங்கள் குரலில் குறை இல்லை. ஏதோ ஊருக்குப் போய்வந்ததைச் சொல்வது போலச் சொன்னீர்கள்.

அடுத்த மார்கழியில் நீங்கள் அடுப்படியில் சரிந்துவிட்டதாகத் தகவல் வந்தது. நான் வந்து சேர்வதற்குள் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

இப்போது என் வீட்டுக்குச் சொந்தத்தில் எந்தப் பெண் வந்தாலும் அடுப்படிப் பக்கம் விடுவதில்லை. முதலில் பாய் விரிக்கிறேன். சிலர் கூச்சப்படுகிறார்கள், சிலர் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். படுத்த பிறகு எல்லாரும் ஒரே மாதிரிதான் தூங்குகிறார்கள். போன மாதம் உங்கள் மருமகள் ஒரு வேலையாக வந்தவள், "செத்த நேரம் படுக்கட்டுமா சின்னத்தை?" என்று அவளே கேட்டாள். படுத்ததும் கண் அயர்ந்துவிட்டாள். உங்கள் மகன் போன் செய்தான், வீட்டுச் சாவியை எங்கே வைத்தாள் என்று கேட்கச் சொன்னான்.

"அவ தூங்குதாப்பா. முழிச்ச பொறவு கேட்டுச் சொல்லுதேன்," என்று வைத்துவிட்டேன்.