பதினொரு லீற்றர் பள்ளம்

2002 ஏப்ரல் 9, செவ்வாய்

ஜீப் என் பெயருக்கு வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடம் பஞ்சிகாவத்தையில் மற்றவர்களுடைய ஜீப்புக்குப் பாகம் விற்றவன், இன்று சொந்த ஜீப்பில் காலி வீதியால் வெள்ளவத்தைக்கு வந்தேன். தேவையில்லாமல் நாலு தரம் ஹோர்ன் அடித்தேன். யாழ்ப்பாணப் பாதை திறந்தாயிற்று. மற்றக் கடைக்காரர் யோசித்து முடிப்பதற்குள் நான் விற்கப் பற்றரியோடு அங்கே நிற்க வேண்டும்.

ஒரு குறை. நாற்பத்தைந்து லீற்றர் டீசல் தாங்கி முப்பத்துநாலோடு வழிகிறது. தேயிலைத் தோட்டத்தில் ஓடிய வண்டி; எந்தக் கல்லிலோ குந்தியிருக்கிறது. தாங்கியின் அடியில், சோற்றுப்பானையையே கவிழ்த்து வைக்கக்கூடிய பள்ளம். வவுனியாவுக்கு அப்பால் டீசல் கிடைக்குமோ தெரியாது. பிளாஸ்ரிக் கானில் அடைத்துக் கொண்டுபோனால் சோதனைச் சாவடியில் கரைச்சல். தாங்கியில் இருப்பதுதான் போகவும் வரவும். பதினொரு லீற்றர் என்றால் சும்மாவா?

ஏப்ரல் 11

கொட்டாஞ்சேனையில் தகரவேலை செய்யும் ஷரீப்பிடம் காட்டினேன். யாழ்ப்பாணத்து முஸ்லிம். ஐந்துசந்திப் பக்கம் பட்டறை வைத்திருந்தவர். தொண்ணூறில், ஊரைக் கையில் வைத்திருந்த இயக்கம் முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேற்றியபோது உடுத்த சாரத்தோடு வந்தவர். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார்.

"வெட்டத் தேவையில்லை. இழுத்தெடுக்கலாம்."

"கூலி?"

"முதல்ல பள்ளம் வரட்டும், முதலாளி. பிறகு கதைப்பம்."

கூலி பேசாமல் நான் ஒரு வேலையும் கொடுத்ததில்லை. கொடுத்தேன். அவ்வளவு அவசரம்.

ஏப்ரல் 14, ஞாயிறு

புதுவருடம். ஊரெல்லாம் கடை பூட்டு, ஷரீப்புக்கு வேலைநாள். கோயிலிலிருந்து பட்டுவேட்டியோடேயே ஓடினேன். தாங்கியைக் கழற்றிக் கழுவி, தண்ணீர் நிரப்பி, வாயை அடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தார். உள்ளே ஆவி தங்கினால் நெருப்புப் பட்டு வெடிக்குமாம். பள்ளத்தின் நடுவில் கொக்கியைக் காஸில் ஒட்டி, சங்கிலி கொளுவி மேலே வளையில் கட்டி, இறுக்க இறுக்கச் சுற்றிவரத் தட்டினார். ஒரு மணித்தியாலம் ஒன்றுமில்லை. பிறகு — டொங். வந்துவிட்டது. கைதட்டிவிட்டேன். வேட்டியெல்லாம் கரி.

பாதியாய் வெட்டிய எண்ணெய்ப் பரலில் தண்ணீர் விட்டு, தாங்கியை அமுக்கிக் காற்று ஊதிப் பார்த்தார். ஒரு குமிழி இல்லை.

"இப்ப சொல்லும், கூலி என்ன?"

"யாழ்ப்பாணம் போகேக்க உங்கட முன் சீற்."

அந்த இடம் ஆறு பற்றரிப் பெட்டிக்கு ஒதுக்கியது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஏப்ரல் 15

ஏன் ஓம் என்று வாய் வரவில்லை? பற்றரி ஒரு சாட்டு. 'இவரை ஏன் கூட்டிவந்தனீர்' என்று அங்கே எவனாவது கேட்டால், யாவாரம் தொடங்க முன்னமே பெயர் கெடும். அதுதான் உண்மை. தொண்ணூறில அந்தச் செய்தியைப் பேப்பரில வாசிச்சுப்போட்டுத் தேத்தண்ணி குடிச்சனான். எண்பத்துமூண்டுக் கலவரத்தில என்ர கடை எரிஞ்சதுக்கு மட்டும் 'ஆர் வந்து கேட்டவங்கள்' எண்டு இன்னும் சொல்லித் திரியிறன்.

பாலேஸ்வரியிடம் சொன்னேன். "பற்றரி இருமாது, சோறு கேக்காது. உங்களுக்குத் தோதான ஆள் அதுதான்" என்றாள். இருபத்தைந்து வருட மனைவி.

ஷரீப்புக்கு ரெலிபோன் எடுத்தேன். சனிக்கிழமை விடிய வரச் சொன்னேன்.

ஏப்ரல் 19

தாங்கியைத் திரும்பப் பூட்டியாயிற்று. வெறுந்தாங்கிக்கு நாற்பத்துநாலரை லீற்றர் பிடித்தது! மற்ற அரை எங்கே என்றேன். "ஒரு குறை இருக்கட்டும், முதலாளி. இல்லாட்டி உங்களுக்கு நித்திரை வராது."

ஏப்ரல் 21, யாழ்ப்பாணம்

பாதையா அது? நேற்று கிளிநொச்சி தாண்டியதும் கல்லொன்று அடியில் அறைந்தது. டீசல் சொட்டியது. ஷரீப் வண்டிக்கு அடியில் புகுந்து, வெடிப்பில் உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரக் கட்டியைத் தேய்த்து அடைத்தார். இயக்கத்தின் சாவடியில் அவருடைய அடையாள அட்டையை வாங்கி நெடுநேரம் பார்த்தார்கள்.

"எங்க போறியள்?"

"வீட்டை," என்றார் ஷரீப்.

அட்டையைத் திருப்பிக் கொடுத்தவர் இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஷரீப்பின் பட்டறையில் கூரை இல்லை, கதவு இல்லை. எருக்கலைச் செடியை விலக்கினால், தாங்கி அமுக்கிப் பார்க்கிற சீமெந்துத் தொட்டி கட்டியபடியே கிடக்கிறது. ஷரீப் பக்கத்து வளவில் வாளி இரவல் வாங்கி அதை நிரப்பினார். நின்று பார்த்தோம். தண்ணீர் இறங்கவில்லை.

"தாங்கியைக் கழட்டுங்கோ, முதலாளி."

ஏப்ரல் 22

இரவல் சாமானோடு வெடிப்பை ஒட்டி முடிக்கவில்லை, அதற்குள் ஒருவர் ஓட்டைக் கேத்திலோடு வாசலில். பின்னால் இன்னொருவர், நீரிறைக்கும் மெசினின் தாங்கியைத் தோளில் வைத்துக்கொண்டு.

"ஷரீப் அண்ணையோ? எங்க இவ்வளவு காலமும்?"

"கொழும்பில கொஞ்சம் அலுவல் இருந்தது."

மூன்று பேரும் சிரித்தார்கள். நான் ஜீப்புக்குப் பின்னால் போய் நின்றேன்.

ஏப்ரல் 24

ஷரீப் அங்கேயே நின்றுகொண்டார்; தனியே கொழும்பு வந்து சேர்ந்தேன். யாழ்ப்பாணத்தில் மூன்று கடையில் பற்றரிக்குச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று!

ஏப்ரல் 29

யாழ்ப்பாணத்துக்கு லொறி பிடித்து, பற்றரி ஏற்றி, முதலில் கொட்டாஞ்சேனைக்கு விட்டேன். ஷரீப் அனுப்பச் சொன்ன சுத்தியல்கள், சங்கிலி, காஸ் சிலிண்டர் எல்லாம் பட்டறையிலிருந்து வெளியே வந்தன. பரலை மட்டும் விட்டுவிடச் சொன்னவர். அங்கே தொட்டி இருக்கிறது. இடம் காணாது, ஆறு பற்றரிப் பெட்டி இறக்க வேண்டும் என்றான் லொறிக்காரன்.

இறக்கினேன்.