பத்து என்று எழுதப்பட்ட பதினொரு முட்டைகள்

அனுப்புநர்:
கோழி வளர்ப்பவர், வயது 16,
நீரேற்று நிலையத்தின் பின் தெரு, கடைசி வீடு.
(தெருவில் ‘கோழிக்காரி’ என்று கேட்டால் காட்டுவார்கள்.)

பெறுநர்:
தலைமைக் கால்நடை அலுவலர் அவர்கள்,
கால்நடை அலுவலகம், முதல் மாடி.
(அவர் கையில் மட்டும் கொடுக்கவும். கீழ்த்தள மேசையில் பிரிக்க வேண்டாம்.)

பொருள்: கெட்டுவிட்டன என்று எடுத்துச் செல்லப்பட்ட உயிருள்ள முட்டைகளை இன்றே தேடிப் பார்க்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். அத்தை வீட்டில் இருக்கிறேன். பெரியவர்கள் எதிரே நின்றால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

2. என்னிடம் காலுக்கு ஐந்து விரல் உள்ள சாம்பல் நிறக் கோழிகள் இரண்டு இருக்கின்றன. எனக்குத் தெரிந்து இந்த வட்டாரத்தில் வேறு யாரிடமும் இல்லை. அவற்றின் ஒரே சேவலைச் சென்ற மாதம் நாய் கடித்துக் கொன்றுவிட்டது. அதற்கு முன் சேர்த்து வைத்திருந்த பதினொரு முட்டைகளை ஜூலை 19 மாலை அடை வைத்தேன். இவை போனால் இந்த இனம் என்னோடு முடிந்தது.

3. அடையில் இருக்கும் கோழியை விரட்டிவிட்டு மற்றக் கோழி அதே கூட்டில் வந்து முட்டையிடும். புது முட்டையைப் பிரித்தெடுக்க, அடை வைத்த முட்டைகளில் பென்சிலால் அடையாளம் போடுவது வழக்கம். பலர் ஒரு புள்ளி வைப்பார்கள். கோழி உருட்டும்போது புள்ளி அடியில் போய்விடும். அதனால் நான் முட்டையின் இடுப்பைச் சுற்றி முழுக் கோடு போடுகிறேன். இதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

4. ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் இருட்டறையில் டார்ச் பிடித்துப் பார்த்தேன். பதினொன்றிலும் கரு இருந்தது. இரண்டாம் முறை அசைவும் தெரிந்தது.

5. ஆகஸ்ட் 6, பதினெட்டாம் நாள், காலை பதினொரு மணிக்குத் தங்கள் அலுவலக உதவியாளர் நோய்ச் சோதனை என்று வந்தார். முட்டைகளை எடுத்து முற்றத்து வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, “எல்லாம் கூமுட்டை. கோழிதான் பாவம், சும்மா உட்கார்ந்திருக்கு” என்றார். வெயிலில் பிடித்தால் எந்த முட்டையிலும் ஒன்றும் தெரியாது. கூமுட்டையைக் காதருகே ஆட்டினால் சத்தம் கேட்கும். அவர் ஒன்றைக்கூட ஆட்டவில்லை. முட்டைகளை அழிக்கச் சம்மதம் என்ற தாளை நீட்டினார். அத்தை, “படிச்சவர் சொல்றார், கையெழுத்தைப் போடுடி” என்றார். போட்டேன். அதை மறுக்கவில்லை. உயிரோடு இருக்கின்றன என்று சொல்ல வாய் திறந்தேன், குரல் வரவில்லை.

6. பிறகு அவர் வெந்நீர் கேட்டார். அதை ஒரு பாட்டிலில் ஊற்றித் துணியில் சுற்றிக் கூடையின் நடுவில் வைத்து, முட்டைகளைச் சுற்றி அடுக்கினார். அழிக்கப் போகும் முட்டைக்குச் சூடு எதற்கு, ஐயா? நான் அத்தையைச் சந்தேகப்படவில்லை. ஆனால் எதற்கென்று ஒரு வார்த்தை கேட்காமல் வெந்நீர் கொடுத்தவர் அத்தைதான்.

7. தங்கள் அலுவலகம் எங்கள் தெருமுனையில் வலப்பக்கம். அவர் வண்டி இடப்பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம் குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. அதன் உரிமையாளர் இந்த முட்டைகளை மூன்று முறை கேட்டார்; நான் மூன்று முறையும் தலையாட்டி மறுத்திருக்கிறேன்.

8. மறுநாள் தீவனம் வாங்கும் சாக்கில் அங்கே போனேன். பூட்டிய சாமான் அறைக்குள் அடைக்கோழி உறுமும் சத்தம் கேட்டது. நான் நின்றதைப் பார்த்த உரிமையாளர், “அங்கே எலி மருந்து வெச்சிருக்கு, கிட்டப் போகாதே” என்றார். எலி மருந்து வைத்த அறையில் கோழியை யார் விடுவார்கள்? ஆயிரம் முட்டை பொரிக்கும் இயந்திரம் வைத்திருப்பவருக்கு அடைக்கோழி எதற்கு? இயந்திரத்தில் வைத்தால் வேலையாட்கள் என் பென்சில் கோட்டைப் பார்த்துவிடுவார்கள் என்று பயந்திருக்கலாம். இது என் ஊகம்தான்.

9. அடுத்த வாரம் தங்கள் அலுவலகம் அரிய இனக் கோழிகளுக்குக் கால்வளையம் போட்டுப் பதிவு செய்கிறது. வளையம் யார் பெயரில் விழுகிறதோ, இனம் அவருடையது ஆகிவிடும். வளையம் போடும் வேலை அதே உதவியாளருடையது என்று பலகையில் எழுதியிருக்கிறது.

10. ஐயா, நான் கையெழுத்திட்ட தாளில் முட்டைகள் பத்து என்றுதான் இருக்கிறது. உதவியாளர் கூட்டுக்குள் கையை விட்டபோது கோழி ஒரு முட்டையை நெஞ்சு இறகுக்குள் இழுத்துக்கொண்டது. நான் பார்த்தேன், திருத்தவில்லை. நான் பேசாமல் இருந்து நல்லது நடந்தது அந்த ஒரு முறைதான். நேற்று அந்த முட்டைக்குள்ளிருந்து கீச்சென்று குரல் வந்தது. இன்று விடியலில் குஞ்சு வெளியே வந்தது. இரண்டு காலிலும் ஐந்து விரல். ஒரே கூட்டில் ஒரே நாள் வைத்த முட்டைகளில் ஒன்று மட்டும் உயிரோடும் பத்து மட்டும் கூமுட்டையாகவும் இருக்குமா?

11. மற்றப் பத்தும் இன்று பொரியும். குஞ்சின் காலில் என் பெயர் எழுதியிருக்காது. ஓட்டில் என் கோடு இருக்கும். ஓடுகள் குப்பைக்குப் போகும் முன், தாங்களே நேரில் சென்று அந்த அறையைத் திறந்து பார்க்க வேண்டுகிறேன். உதவியாளரிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். குஞ்சுகள் கிடைத்தால் நாளை இரவுக்குள் என்னிடம் சேர்த்துவிடுங்கள். அதற்குப் பின் வருவதைக் கோழி தன் குஞ்சாக ஏற்காமல் கொத்திவிடும். ஒரு குஞ்சு வெளியே வந்தும் அடைக்கோழி இன்னும் கூட்டை விட்டு எழவில்லை.

12. தாங்கள் வரும்வரை கீழே படிக்கட்டருகே நிற்கிறேன். என்னிடம் கேள்வி கேட்டால் தாளில் எழுதிப் பதில் தருகிறேன். இம்மனு கிடைத்ததற்கு முத்திரையிட்ட ரசீது ஒன்றும் வேண்டும்.

இங்ஙனம்,
(கையெழுத்து)

இடம்: கால்நடை அலுவலக வாசல்
நாள்: ஆகஸ்ட் 9, அடை வைத்த இருபத்தொன்றாம் நாள்

இணைப்பு: பென்சில் கோடு உள்ள முட்டை ஓடு, ஒரு பாதி. உடைந்துபோனது, தொலைந்துபோனது என்று யாரும் சொல்லக்கூடும் என்பதால் மறுபாதியை நானே வைத்திருக்கிறேன்.