மூழ்காத பூச்சி

என்னை ஒரு நாளும் கைவிடாத என் மச்சானுக்கு,

நீங்கள் போய் இருபது நாளாகிறது. குச்சனூரில் மழை பெய்து வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடுகிறது. உங்கள் மயிலைக் காளை ஒரு வாரம் தீனி எடுக்காமல் கிடந்தது, இப்போது தின்கிறது. உலகச் சண்டையால் மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை என்று அக்கா பொழுதிருக்கவே உலை வைத்துவிடுகிறாள். தேறிவிட்டாள் என்று சொல்ல முடியாது. ஆனால் என்னை வைவதற்குத் தெம்பு வந்திருக்கிறது.

நேற்று உங்கள் தகர டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "ஏலே சுப்பையா, அவுக தூண்டில் சாமான். நீயே எடுத்துட்டுப் போ. எனக்கு இதப் பாத்தாலே எரிச்சலா வருது" என்றாள். உள்ளே மயிலிறகு, முயல் ரோமம், தேன்மெழுகு, பட்டு நூல். நாம் கொக்கியில் கட்டிய பொய்ப் பூச்சிகளில் ஐந்து அப்படியே இருந்தன. ஆறாவது அவிழ்த்த வெறும் கொக்கி. பக்கத்தில் மடித்த காகிதத்துக்குள், சுருளை நிமிர்த்திய ஒரு வெள்ளைத் தகட்டு நறுக்கு.

அந்த நறுக்கை எடுத்து நகத்தால் வளைத்துப் பார்த்தேன் மச்சான். "என்னலே அது?" என்று அக்கா கேட்டாள். "ஏதோ ஜிகினாத் தாளு" என்று சொல்லி மூடிவிட்டேன். இந்த வயதிலும் பொய் எனக்குச் சட்டென்று வருகிறது.

இதை வேறு யாராவது படித்தால் அவர்களுக்கும் விளங்கட்டும். போடிமெட்டு ஏறி நாம் பிழைக்கப் போன எஸ்டேட்டில் நான் தேயிலைப் பெட்டி அடிக்கிற தச்சன். நீங்கள் ஆற்றுக் காவல். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீனைப் பார்த்துக்கொள்வதும், துரை தூண்டில் போடும்போது கூடப் போவதும் வேலை. சீமையிலிருந்து வந்த, இறகால் கட்டிய பொய்ப் பூச்சிகளை அந்த மீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீங்கள்தான் முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டியிருந்த பழுப்புப் பூச்சியைத் துரைக்குக் காட்டினீர்கள். அவர் அதற்கு நிம்ஃப் என்று பேர் சொன்னார். நமக்கு அது கல்லடிப் பூச்சி.

"மீனு தரையிலதான் மேயுது மாப்ளே. நம்ம பூச்சியும் தரைக்குப் போகணும். வயித்துல கனம் வேணும்" என்றீர்கள். கனத்துக்கு நான் இருந்தேன். பெட்டிக்கு உள்ளே ஒட்டுகிற ஈயத்தாளில் விழும் கழிவைத் துண்டில் முடிந்து வருவேன். வைக்கோல் அகலத்துக்கு நறுக்கி, கொக்கித் தண்டில் இடைவெளி இல்லாமல் சுற்றி, மெழுகு நூலால் இறுக்கித் தருவது என் வேலை. அதன்மேல் முயல் ரோமத்தை முறுக்கி ஏற்றி, முதுகுக்கு மயிலிறகு இழையை வைத்துக் கட்டுவது உங்கள் வேலை. கட்டி முடித்தால் எனக்கே அது ஊர்ந்துவிடுமோ என்றிருக்கும்.

நம் துரைக்கும் மேலான கம்பெனிப் பெரிய துரை மீன் பிடிக்க வந்த அந்த வாரம் ஈயத்தாள் தீர்ந்திருந்தது. புதிதாக வந்த பெட்டிகளுக்கு அலுமினியத் தாள் அனுப்பியிருந்தார்கள். அதுவும் பளபளவென்றுதான் இருந்தது. எல்லாம் ஒன்றுதானே என்று ஆறு கொக்கியிலும் அதையே சுற்றி, நூலால் மூடி, உங்களிடம் கொடுத்துவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பூச்சி அடிக்குப் போகவில்லை. ஓட்டம் அதை மேலாகவே அடித்துக்கொண்டு போனது. காலையிலிருந்து உச்சிப்பொழுது வரை பெரிய துரை வீசினார், ஒரு மீனும் சீண்டவில்லை. சாப்பாட்டுக் கூடை தூக்கி வந்த நான் கரையில் நின்று பார்த்தேன். அலுமினியத்துக்குக் கனம் பத்தவில்லை என்று பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. நம் துரை உங்களைப் பார்த்து, "நாளைக்குக் கவ்வாத்துக்குப் போ" என்று மட்டும் சொன்னார். நீங்கள் தலையாட்டினீர்கள். நான் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பனியில் நின்று தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டி உங்களுக்கு இருமல் பிடித்தது. அந்த வருஷமே வீட்டைக் காலி செய்துகொண்டு இறங்கினீர்கள். மெட்டில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "மாப்ளே, உன் வேலை கெட்டியா இருக்குல்ல? அது போதும்" என்றீர்கள். ஏதோ ஆறுதலுக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். கழிவுத்தாள் வெளியே போனது தெரிந்தால் அன்றைக்கே என்னைத் துரத்தியிருப்பார்கள். அது உங்களுக்குத் தெரியும், அதனால்தான் பழியை நீங்களே ஏற்றுக்கொண்டீர்கள். அப்படியானால் அந்த ஆறாவது பூச்சியை அவிழ்த்து உள்ளே அலுமினியத்தை எப்போது பார்த்தீர்கள்? கவ்வாத்துக்குப் போகுமுன்பேவா? இத்தனை வருஷம் நான் லீவில் வரும்போதெல்லாம் என்னோடு ஒரே இலையில் சாப்பிட்டீர்களே, ஒரு தடவையாவது கேட்டிருக்கக் கூடாதா?

உங்கள் பதினாறாம் நாளன்று அக்கா வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "அவுக கட்டுன பூச்சி மெதந்துச்சு, நாங்க மலைய விட்டு எறங்குனோம். அவுக கைராசி அம்புட்டுத்தான்." நான் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது மச்சான். தாயில்லாத என்னைத் தூக்கி வளர்த்தவள் அவள். உண்மை தெரிந்தால் என் முகத்தில் விழிப்பாளோ என்று அப்போதும் பயந்தேன்.

கம்பத்தில் வீச்சுவலைக்காரர் ஒருவரிடம் ஈயக்குண்டு ஒன்று வாங்கி, தட்டி நறுக்கி வைத்திருக்கிறேன். நாளை மறுநாள் லீவு முடிந்து நான் எஸ்டேட்டுக்கு ஏற வேண்டும். அதற்கு முன், அந்த ஆறாவது கொக்கியில் ஈயத்தைச் சுற்றி நீங்கள் கட்டியபடியே கட்டுவேன். சோற்றுப்பானையில் தண்ணீர் நிரப்பி அக்காவை எதிரே உட்கார வைப்பேன். உங்கள் பூச்சி போட்டதும் அடியில் போய் உட்காரும். பழையதையும் போடுவேன், அது மேலே கிடந்து தயங்கும். "இதுதான் மச்சான் கை. அது நான் செஞ்ச கேடு" என்று சொல்லிவிடுவேன். அவள் பேசாமல் போனாலும் போகட்டும். உங்கள் கையைப் பற்றி இனி அந்த வீட்டில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

கரையில் வாய் திறக்காமல் நின்ற
உங்கள் மாப்பிள்ளை,
சுப்பையா