மேல் அறை விண்வெளிக்காரர்

1988 பெப்ரவரி 9

என்னைக் கேளாமலே என் மனுஷன் கஸ்பர் மேல் அறையை வாடகைக்கு விட்டுவிட்டார். வந்திருப்பவர் பத்ரிநாராயணன். மெட்ராஸ்காரர், செய்மதி, அதுதான் சட்டலைட், செய்யும் கம்பனியில் எஞ்சினியர். யாழ்ப்பாணத்தில் இந்தியன் ஆமி நிற்கிறது. அம்மாவிடமிருந்து இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. இந்த நேரத்தில், லண்டன் நோர்பரியில், என் வீட்டுக்குள் ஓர் இந்தியன்!

"இந்தியாக்காரர் எல்லாரும் ஆமியே?" என்று சிரிக்கிறார் கஸ்பர். கட்டின மனுஷனுக்கு உலகத்தில் எல்லோரும் நல்லவர்கள்.

பெப்ரவரி 14

தேத்தண்ணி கொடுக்கும்போது கேட்டேன்: "உங்கட செய்மதியில எங்கட ஊர் தெரியுமோ?"

"வீடு, ஆளெல்லாம் தெரியாதுங்க. கடல் அலை, பனிக்கட்டி, காத்து... இதெல்லாம் அளக்கத்தான்."

பாடமாக்கி வைத்ததுபோல் சொன்னார். ஏன்?

மார்ச் 3

ஆஸ்பத்திரியில் நான் நேர்சாக இருக்கும் பிள்ளைகள் வார்டை மூடப்போகிறார்களாம். காசில்லையாம். இரவுச் சாப்பாட்டில் வெடித்துவிட்டேன். "காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் கட்டில் இல்லை. உங்களுக்கு வானத்தில விட ரொக்கட்டோ?"

அவர் கோபிக்கவில்லை. "போன அக்டோபர்ல அடிச்ச புயலை யாராலயும் சரியா சொல்ல முடியலையே அக்கா. கடல் மேல என்ன நடக்குதுன்னு பார்க்கக் கண் போதல. இதுக்கு எந்த முதலாளியும் பணம் போட மாட்டான். லாபம் வர வருஷக்கணக்கா ஆகும். அரசாங்கம்தான் போடணும்."

நல்ல வியாபாரப் பேச்சு. அந்தப் புயலன்று கரண்ட் போய், டோர்ச் வெளிச்சத்தில் பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்தவள் நான். அதை அவருக்குச் சொல்லவில்லை.

ஏப்ரல் 11

போனில் இரகசியம் பேசுகிறார். நான் படியில் கால் வைத்தால் பேச்சு நிற்கிறது.

ஏப்ரல் 23

தோய்த்து மடித்த துவாய் வைக்க மேல் அறைக்குப் போனேன். கட்டிலில் பெரிய கறுப்பு வெள்ளைப் படம். கடலுக்குள் நீண்ட நிலம், சுற்றிவரத் தண்ணீர். எங்கட ஊர்! படத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். அவர் வேலையால் வந்ததும் வாசலிலேயே மறித்தேன்.

"ஆருக்கு அனுப்பப் போறீர் இதை? அங்க என்ர அம்மா இருக்கிறா!"

அவர் படத்தை வாங்கித் திருப்பிப் பிடித்தார். "அக்கா, இது தேம்ஸ் கடல்ல சேர்ற இடம். இதோ, லண்டன்."

ஆறு வளைகிற வளைவைக் கண்டபிறகுதான் விளங்கியது. ஆனாலும் விடவில்லை. "அப்ப போனில என்ன இரகசியம்?"

குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். பிறகு, "அரசாங்கம் இனிமே பணம் தராதாம். வேலை போயிடும் போல. உங்களுக்குத் தெரிஞ்சா ரூமைக் காலி பண்ணச் சொல்லிடுவீங்களோன்னு..."

பாவமாக இருந்தது. என்றாலும் படத்தை இன்னொருமுறை உற்றுப் பார்த்தேன்.

மே 6

அம்மாவின் கடிதம்! சுகமாம். தபாலை முதலில் கண்டவர் பத்ரி. வேலைக்குப் புறப்பட்ட என் பின்னால் செருப்பில்லாமல் தெருவரை ஓடிவந்து தந்தார்.

ஜூன் 18

எம்.பி. ஊர்ச்சனத்தைச் சந்திக்கும் நாள். நான் வார்டுக்காக, பத்ரி செய்மதிக்காக. முதலில் நான். மனுஷன் உருகினார். விஞ்ஞானம், விண்வெளி என்று அரசாங்கத்துக்கு எத்தனை செலவு, என்ன செய்வது என்றார். பத்ரியின் முறை வந்தபோது நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"ஆஸ்பத்திரிகள் தவிக்கும்போது விண்வெளிக்கு எப்படிக் கொடுப்பது?" என்றார், அதே உருக்கத்தோடு.

"எந்த ஆஸ்பத்திரிக்கு, சேர்? எங்களுடைய வார்டைத்தானே மூடுகிறீர்கள்?" என்று நான் கேட்டேன்.

மணிக்கூட்டைப் பார்த்தார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இத்தனை மாதமும் பிழையான ஆளையல்லவா சந்தேகித்துக் காவல் இருந்திருக்கிறேன்!

ஓகஸ்ட் 26

வார்டை மூடிவிட்டார்கள். என்னை முதியோர் வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 17

பத்ரிக்கு ஹொலண்டில் வேலை. ரயில் ஏற்றிவிட்டு வந்தோம். கஸ்பர் அழுதார். நான் அழவில்லை... கொஞ்சம்தான்.

செப்டம்பர் 25

தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிய, ஊர்ச் சிநேகிதி றோஸ்மலர் சொன்னாள்: "வானத்தில காசைக் கொட்டாட்டி உங்கட வார்டு இருந்திருக்கும், என்ன?"

"கொட்டேல்லை, றோஸ். அதையும் வெட்டிப்போட்டுத்தான் இதையும் மூடினவங்கள். இப்ப புயல் வாறதைச் சொல்லவும் ஆளில்லை, பிள்ளையைக் கிடத்தவும் கட்டில் இல்லை."

அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள்.

மேல் அறைக்கு வேறு ஆள் பார்க்கட்டோ என்று கஸ்பர் கேட்டார். வேண்டாம் என்றேன். டிசெம்பரில் நத்தாருக்குப் பத்ரி வந்தால் எங்கே படுக்கிறது?