கச்சான் வீசும் பக்கம்

கொழும்பு
12.02.1966

அன்புள்ள மலரக்காவுக்கு,

ஆண்டவர் துணையால் நானும் ஐவியும் சுகம். சீனன்குடாச் சீதனக் காணியில் வீடு கட்டப்போவதாக எழுதியிருந்தீர்கள். இந்த வருஷம் வேண்டாம், அக்கா. காரணம் இப்ப சொல்ல ஏலாது, என் கந்தோர் வேலை இரகசியம். கச்சான் காலத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும், கிணறு வற்றுமா என்று மட்டும் எழுதுங்கோ.

அன்புத் தம்பி,
சிறில்

ஓர்ஸ் ஹில்
03.03.1966

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். "வேண்டாம் என்கிறவனுக்குக் கிணற்றுத் தண்ணியில என்ன அக்கறை?" என்றார். போன நத்தார்ப் பண்டிகைக்கு வந்தபோது ஐவியும், "இவ்வளவு காணியும் உங்களுக்குத்தானா, மச்சாள்?" என்று கேட்டவள். நான் மறக்கேல்லை.

கொழும்பு ஆட்கள் எங்கள் காணிக்குப் பக்கத்துக் காட்டை அளந்தபோது நீயும் நின்றாயாம். உன்னோடு படித்த ஸெய்னுதீன் கண்டவன். அவ்வளவு தூரம் வந்தவனுக்கு அக்கா வீட்டுக்கு வழி தெரியாமல் போச்சோ?

கச்சான் காட்டுப் பக்கமிருந்துதான் அடிக்கும். கிணறு வற்றாது. அத்திவாரம் வெட்டியாச்சு.

மலர்

கொழும்பு
10.03.1966

அன்புள்ள அக்கா,

ஓம், வந்தனான். வீட்டுக்கு வந்தால் நீங்கள் கேட்பீர்கள், நான் உளறிவிடுவேன் என்ற பயம். உங்கள் காணி எனக்கும் வேண்டாம், ஐவிக்கும் வேண்டாம். கும்பிட்டுக் கேட்கிறேன், வேலையை நிற்பாட்டுங்கோ.

சிறில்

ஓர்ஸ் ஹில்
21.08.1966

தம்பிக்கு,

கூரை போட்டாச்சு. உப்பிலிருந்து காஸ்டிக் சோடா எடுக்கிற தொழிற்சாலை வருகுதென்று ஊரே கதைக்கிறது. காணி விலை ஏறுமென்று தெரிந்து, வெறுங்காணியாக நீ கேட்டு வாங்கத்தான் எங்களை மறித்தாயாம். அத்தான் அப்படித்தான் சொல்கிறார். நான் மறுத்துப் பேசவில்லை.

அவருக்கு அங்கே வேலை தருவதாக ஒரு அதிகாரி சொல்லியிருக்கிறார். வேலை போனதிலிருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனுசன் இப்ப சிரிக்கிறார்.

மலர்

கொழும்பு
14.11.1966

அன்புள்ள அக்கா,

இனிச் சொல்லலாம். தொழிற்சாலை வராது. அதன் முதல் வரைபடமும், கட்டுப்படியாகுமா என்ற கணக்கும் என் பொறுப்பில் இருந்தன. சோடா எடுக்கும்போது குளோரின் என்ற நச்சுவாயுவும் வரும். ஒரு குழாய் வெடித்தாலும் கச்சான் அதை நேரே உங்கள் முற்றத்துக்குக் கொண்டுவந்துவிடும். வெறும் காடு என்றால் அங்கேயே கட்டலாம் என்று எழுதியிருப்பேன். உங்கள் கூரையைப் பற்றி வாசித்தபிறகு கை வரவில்லை. தள்ளிக் கட்டச் சொன்னேன். தள்ளினால் துறைமுகமும் தண்ணீரும் தூரம். செலவு ஏறி, இலாபமில்லை என்று முடிந்தது.

"அங்க உனக்குச் சொந்தக்காரர் இருக்கினமோ?" என்று எங்கள் கந்தோர்ப் பெரியவர் கேட்டார். ஓம் என்றேன். இப்போது என்னிடம் ஒரு வேலையும் தருகிறார்கள் இல்லை.

சிறில்

சீனன்குடா
02.12.1966

தம்பி சிறிலுக்கு,

நீ எழுதியதை நம்புகிறேன். ஐவியைத் தப்பாக நினைத்துவிட்டேன், அவளிடம் சொல்லு.

வாயு என்று ஒரு சொல் அப்பவே சொல்லியிருந்தால் வேறிடத்தில் கட்டியிருப்போம். ஆலையும் வந்திருக்கும். என் வாயை நீ நம்பவில்லை. உன் மனதை நான் நம்பவில்லை. அத்தானுக்கு மட்டும்தான் ஒன்றும் தெரியாது. இன்றைக்கும் சேட்டு ஒன்றை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கிப் போட்டுக்கொண்டு, ஆள் எடுக்கத் தொடங்கியாச்சோ என்று விசாரிக்கப் போயிருக்கிறார். வேலையைத் தடுத்தது என் தம்பி என்று எந்த வாயால் சொல்லுவேன்?

அவர் இல்லாத நேரம் வந்தபடியால் உன் கடிதம் என் கையில் கிடைத்தது. எந்நாளும் படலையில் நின்று தபால் வாங்குகிறவர் அவர்தான். இனி எழுதாதே, ராசா.

அக்கா