நாலு மணி நேரம்தான்

வேளச்சேரி, சென்னை
9.1.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு மறுபடி நிக்காஹ் செய்துகொள்ளப் போகிறேன் என்கிறீர்கள். மாப்பிள்ளை நஜிமுதீன் கோலாலம்பூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார் என்கிறீர்கள். அத்தா மவுத்தாகிப் பதினொரு வருஷம் ஆகிறது, உங்கள் விருப்பத்தைத் தடுக்க நான் யார்? ஆனால் அவ்வளவு தூரமா? திருச்சியிலிருந்து இரண்டாயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் என்று போன் காட்டுகிறது. நடுவில் முழுக்கக் கடல்.

உங்கள் மகள்,
ஹஃப்ஸா

பாலக்கரை, திருச்சி
14.1.2025

அன்பு மகள் ஹஃப்ஸாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கோபம் பத்திரமாக வந்து சேர்ந்தது. கிலோமீட்டரை ஏன் பார்க்கிறாய்? நேரத்தைப் பார். இங்கே ஏர்போர்ட்டில் ஏறினால் நாலு மணி நேரத்தில் கோலாலம்பூர். நீ பஸ்ஸில் திருச்சி வந்து சேர எவ்வளவு நேரமாகிறது? பெருங்களத்தூர் நெரிசலையும் சேர்த்துச் சொல். இத்தனைக்கும் நீ பக்கத்தில் இருக்கிறாய் என்று பேர். போன நோன்புப் பெருநாளைக்கு வந்தவள், இன்னும் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. அங்கிருந்து சென்னைக்கும் நேர் விமானம் உண்டு, விசாரித்துவிட்டேன்.

அவரைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் தங்கை எங்கள் புத்தூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பார்க்க வந்தவர். வார்டையே சிரிக்க வைப்பார். என்னையும்தான். எனக்கே என் சிரிப்புச் சத்தம் புதிதாக இருந்தது.

அன்புடன்,
அம்மா மஜீதா

சென்னை
20.1.2025

அம்மா,

நாலு மணி நேரம் என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். அத்தாவுக்கு நெஞ்சுவலி என்றதும் கட்டின துணியோடு பஸ் ஏறினேன். விழுப்புரம் தாண்டும்போது நீங்கள் போன் செய்தீர்கள். "மெதுவா வாம்மா, ஒண்ணும் அவசரமில்ல." அப்போதே புரிந்துவிட்டது. சென்னையிலிருந்தே என்னால் நேரத்துக்கு வந்து சேர முடியவில்லை. நாளைக்கு உங்களுக்கு ஒன்றென்றால் கடலைத் தாண்டியா ஓடி வருவேன்?

ஹஃப்ஸா

திருச்சி
25.1.2025

என் தங்கமே,

நீ பஸ்ஸில் இருந்தாய். நான் அவர் பக்கத்திலேயே இருந்தேன். கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். அத்தனை வருஷம் நர்ஸ் வேலை பார்த்த கை. அப்படியும் அல்லாஹ் நாடியதுதான் நடந்தது. நீ தாமதமாக வந்ததால் எதுவும் கெட்டுப்போகவில்லை, ஹஃப்ஸா. நினைவு தப்புவதற்கு முன் அத்தா கேட்டதை உன்னிடம் சொன்னதில்லை, அழுவாய் என்று. "புள்ள சாப்பிட்டுட்டுக் கிளம்புனாளா?"

பிப்ரவரி ஏழு, வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு நிக்காஹ். மறு வாரம் விமானம். நான் போகத்தான் போகிறேன். நீ வந்து வழியனுப்பினால் சிரித்துக்கொண்டு போவேன். வராவிட்டால் கொஞ்சம் அழுதுவிட்டுப் போவேன்.

அம்மா

சென்னை
31.1.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆபீஸில் வைத்துப் படித்துவிட்டேன். எல்லோரும் என்ன என்னவென்று கேட்கும்படி அழுதேன். சாப்பிடாமல்தான் கிளம்பினேன் என்று இனி யாரிடம் சொல்வது?

வியாழன் காலை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. நீங்கள் விமானம் ஏறும்வரை கூடவே இருப்பேன். நிக்காஹ் புடவை நான் எடுத்துவிட்டேன், நீங்கள் ஒன்றும் வாங்க வேண்டாம். பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பித்திருக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். அவரை நான் என்னவென்று கூப்பிடுவது? அத்தா என்று வாய் வராது, இப்போதே சொல்லிவிடுகிறேன். மாமா என்றால் கோபித்துக்கொள்வாரா? நான் வருவதற்குள் கேட்டு வையுங்கள்.

உங்கள்
ஹஃப்ஸா