நாளைக் காலை வரை சாவி என்கிட்ட

டிரைவிங் டீச்சரம்மா,

எழுந்ததும் கார் சாவியைத் தேடாதே. ரெண்டு சாவியும் என் பாக்கெட்டுல இருக்கு. எண்டோஸ்கோப்பிக்குப் போட்ட மயக்க மருந்து முழுசா இறங்க நாளைக் காலை ஆகும்னு நர்ஸ் சொன்னாங்க. "எனக்குத் தெளிஞ்சிடுச்சு"ன்னு சண்டைக்கு வராதே. ஆஸ்பத்திரி வாசல்லயும் அதையேதான் சொன்னே. சொல்லிட்டுப் பின் சீட்டுல ஏறி உட்கார்ந்து, "ஸ்டீயரிங்கை எவனோ கழட்டிட்டுப் போயிட்டான்"னு வாட்ச்மேனைக் கூப்பிட்டே. அவரும் பாவம், காருக்கு அடியில குனிஞ்சு தேடினார்.

சாயங்காலம் கத்துக்க வர்ற பொண்ணுகிட்ட இன்னிக்கு வகுப்பு இல்லைன்னு சொல்லிட்டேன். ஃபிளாஸ்க்ல சூப் இருக்கு. அடுப்புப் பக்கம் போகாதே. உன் தங்கச்சி ஹால்ல இருக்கா, எது வேணும்னாலும் அவளைக் கூப்பிடு. நான் மருந்துக் கடைக்கு நடந்தே போறேன். உன்னை வச்சுக் கார் ஓட்டினது இன்னிக்குப் போதும்.

பி.கு: காலையில போகும்போது என்னை ஆமைன்னு திட்டினியே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகலை. ஆனா வரும்போது பின்னாலேருந்து தோளைத் தட்டி, "அருமையா ஓட்டறீங்க சார், யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"ன்னு கேட்டே. "என் பெண்டாட்டிகிட்ட"ன்னேன். "அந்தம்மா கொடுத்து வச்சவங்க"ன்னு சொல்லிட்டுத் தூங்கிட்டே.